அத்தாவின் சைக்கிளில் கீழக்கரை

மகனுக்கு ரியாத் வேலைக்கான விசா வந்த வாரத்தில், இருவருமாகச் சைக்கிளிலேயே கீழக்கரை வரை சென்று வரலாமென்று நான்தான் சொன்னேன். மத்ரஸாப் பிள்ளைகளிடம் நாள் முழுதும் பேசுகிற எனக்கு, வீட்டில் அவனிடம் ஸலாமுக்கு மேல் பேச்சு நீண்டதில்லை.

கியர் சைக்கிள் வேண்டுமென்றான். நான் மறுத்தேன். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகக் கீழக்கரை சுமார் 130 கிலோமீட்டர், அத்தனையும் சமவெளி. ஏற்றமில்லாத பாதையில் கியருக்கு வேலை குறைவு. கெட்டாலோ பாகம் தேடி அலையவேண்டும். 28 அங்குலச் சக்கரமுள்ள கறுப்புச் சைக்கிளுக்கு எந்த ஊர்க் கடையிலும் டியூபும் போக்ஸ் கம்பியும் கிடைக்கும். மர்ஹூம் அத்தா ஜவுளி மூட்டையோடு ஊர் ஊராக மிதித்த அத்தகைய வண்டியொன்று கொல்லையில் துருவேறிக் கிடந்தது. அது அவனுக்கு, என்னுடையது எனக்கு.

பால்ஸ், பிரேக் கட்டை, செயின், டயர் யாவும் அதற்கு மாற்றினோம். பெடல் கீழே நிற்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நிமிரவேண்டும். அந்த அளவுக்குச் சீட்டை உயர்த்தினோம். கேரியரின் இருபுறமும் தொங்கும்படி தையற்காரர் கித்தான் பை தைத்துத் தந்தார். பாரம் தாழ்வாக இருந்தால் வண்டி தள்ளாடாது. பம்பு, சொல்யூஷன், உப்புத்தாள், ஒளுவுக்கு ஐந்து லிட்டர் கேன், முஸல்லா. மனைவி திணித்த முறுக்கு டப்பா மட்டும் கணக்கில் வராத சுமை! என் முன் டயர் தேய்ந்திருப்பதை மகன் சுட்டினான். “இது போதும்” என்று மிச்சம் பிடித்தேன்.

காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலில் சுபுஹு தொழுது புறப்பட்டோம். ஊர் எல்லை கடந்தபின் முஸாபிர்கள். லுஹரும் அஸரும் இரண்டிரண்டு ரக்அத்துகளே. மேல்காற்று முதுகைத் தள்ளிற்று. மானாமதுரைக்கு அப்பால் லாரிகளுக்கு அஞ்சிக் கண்மாய்க் கரையில் இறங்கினோம். சீமைக் கருவேல முள் தைத்தது, நான் மிச்சம் பிடித்த அதே டயரில்.

அவன் ஒரு சொல்லும் குத்திப் பேசவில்லை. டியூபை உருவி உப்புத்தாளால் தேய்த்தபடி, “தாதா இந்தப் பக்கமெல்லாம் தனியாவா வருவாங்க?” என்று கேட்டான்.

சொன்னேன். கடன் வசூலாகாத நாட்களில் அத்தா இரவு வெகுநேரம் கழித்து வருவதைச் சொன்னேன். ஒருமுறை என் கல்லூரி வாசலுக்கு மூட்டையோடு வந்து நின்றவரைக் கண்டு, நண்பர்கள் பார்ப்பார்களே என்று நான் தூணுக்குப் பின்னே ஒளிந்துகொண்டதையும் சொன்னேன். அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. மகன் ஒட்டை அழுத்திப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தான்.

பரமக்குடியில் இரவு தங்கி, மறுநாள் கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி அடக்கமான இடத்தை ஜியாரத் செய்தோம். ஹனஃபிகளான எங்களுக்கு அங்கே ஷாஃபிஈ ஜமாஅத்தின் அஸர் பாங்கு சீக்கிரமே கேட்டது அவனுக்கு வியப்பு. திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றது. மாறி மாறி முன்னே சென்று ஒருவருக்கொருவர் காற்றை மறைத்தே இரண்டு நாளில் வீடு சேர்ந்தோம்.

இப்போது ரியாதிலிருந்து பேசுகிறான். ஸலாம் சொன்னதும் முதற்கேள்வி, “தாதா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டீங்களா, அத்தா?”