சாமியார் வராத ஞாயிறு

எங்க ஊர் கிளைக் கிராமம். பங்குச்சாமியாருக்கு இப்படி ஏழு ஊர்; இங்கே மாசத்துல ஒரு ஞாயிறுதான் வருவார். மத்த ஞாயிறெல்லாம் உபதேசியார் தாத்தாதான் மணி அடிச்சு, வாசகம் வாசிச்சு, ஜெபம் நடத்துவார். பூசை மட்டும் கிடையாது.

ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம். அவஸ்தைபூசுதல் அப்படியில்லை, குருவானவர்தான் கொடுக்கணும். அப்பாயி சாகக் கிடந்த ராத்திரி, சாமியார் மழையில் பைக்கில் வந்து சேர விடிஞ்சிடுச்சு. அதுக்குள்ள அப்பாயி போயிட்டாங்க. கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னது தாத்தாதான்.

அமேசான் காட்டு ஊர்களிலும் இதே கதை. தகுதியுள்ள திருமணமானவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம்னு 2019-ல் ஆயர்கள் மாமன்றம் கேட்டது. 2020-ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட மடல் அதற்கு வழி திறக்கவில்லை.

தாத்தாகிட்ட சொன்னேன். "பட்டம் எதுக்குடா? எனக்கப்புறம் மணி அடிக்க ஆள் இல்லையே, அதைச் சொல்லு"ன்னார். என்கிட்ட பதில் இல்லை.