சலானுக்கும் தள்ளுபடி

ஆடித் தள்ளுபடி நமக்குப் புதுசில்லை. எங்க ஹைதராபாத்தில் டிராஃபிக் சலானுக்கே தள்ளுபடி கொடுத்தார்கள்! 2022 மார்ச்சில் நிலுவையில் இருந்த அபராதத்தில் பைக்குக்கு 75 சதவீதம், காருக்கு 50. 2023 டிசம்பரில் மறுபடியும். வாராக்கடனுக்கு நாங்க வங்கியில் போடும் ஓ.டி.எஸ். மாதிரிதான். ஒருதரம் கொடுத்தால், ஒழுங்காகக் கட்டுகிறவனும் அடுத்ததுக்குக் காத்திருப்பான்.

பையன் லைசென்ஸ் எடுத்து நாலு மாசம். வேகமாகப் போய் கேமராவில் மாட்டினான். வண்டி என் பேரில், எஸ்.எம்.எஸ்.ஸும் எனக்குத்தான். துரை சொல்கிறார்: "இப்ப கட்டாதீங்கப்பா, டிஸ்கவுண்ட் வரும்."

பிரிட்டனில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். புது லைசென்ஸ்காரர் இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி வாங்கினால் லைசென்ஸ் ரத்து; மறுபடி முதலிலிருந்து டெஸ்ட். வேகத்துக்குப் புள்ளி போட்டாலே குறைந்தது 3. தெலங்கானாவிலும் 2017 ஆகஸ்டில் புள்ளி முறை வந்தது. 24 மாதத்தில் 12 சேர்ந்தால் ஒரு வருஷம் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். ஆனால் நேற்று லைசென்ஸ் எடுத்தவனுக்கும் இருபது வருஷம் ஓட்டினவனுக்கும் ஒரே கணக்குதான் வைத்தார்கள் (அதுதான் எனக்குப் புரியவில்லை).

மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவைக் காட்டினேன். 2019 திருத்தத்துக்கு அப்புறம், வேகத்துக்காக இரண்டாம் தடவை மாட்டினால் அபராதத்தோடு லைசென்ஸையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது.

"அதுக்கு டிஸ்கவுண்ட் கிடையாதாப்பா?"

சலான் பணம் முழுசையும் அவன் சேவிங்ஸ் கணக்கிலிருந்தே கட்ட வைத்தேன். அம்மாவிடம் புகார் போயிருக்கிறது.