பெயர் சொல்லாத முனை

“சுமத்ரா வருகிறது” என்றார் நண்பர்.

விடியுமுன் மலாக்கா நகரை விட்டுப் புறப்பட்டுக் கிளேபாங்கைக் கடந்து, கடற்கரைச் சாலையில் மஸ்ஜித் தானாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பின்னிரவிலோ விடியலிலோ நீரிணையைக் கடந்து நம் கரையில் மோதும் சூறைக்காற்றுக்கு, அது புறப்படும் தீவின் பெயரே வழங்குகிறது. மேற்கே கருமேகம் மதில்போல் எழுந்தது. மறுகணம் சாலையும் இல்லை, கடலும் இல்லை. தென்னைகள் மட்டும் தலைவிரித்தாடின.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். மின்னல் ஒளியில் ஊர்ப்பலகை தெரிந்தது: தஞ்சோங் கிளிங்.

தஞ்சோங் என்றால் முனை. நண்பர் இவ்வூரை ‘அந்த முனை’ என்றே சொல்வார். தோட்டத்துச் சிறுவனாய்ப் பட்டணத்துப் பள்ளிக்கு வந்த நாளில், அந்த இரண்டாவது சொல்லைத்தான் அவர்மீது எறிந்தார்களாம்.

மழை விடுவதாயில்லை. அறிந்ததைச் சொல்லித் தேற்ற முயன்றேன். கலிங்கத்திலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் சொல் அது. வசையாகுமுன் நம் வணிகர்களைக் குறித்தது. 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் அருகிலேதான் 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கப்பலேறி வாணிபத்துக்கு வந்தவர்களுக்கு அது பெயராக இருந்திருக்கலாம். என் அப்பா பால்மரம் வெட்டியவர்.”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. காற்று தணிந்து கடல் சாம்பல் நிறத்தில் வெளிப்பட்டது. கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

“அந்த முனையில் ஒரு கடை இருக்கிறது, தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்” என்றார்.