பாறை மேல ஏறுங்க... பூ மேல ஏறாதீங்க!

கயிறு கிடையாது, கொக்கி கிடையாது, இடுப்பு பெல்ட்டும் கிடையாது. ஒரு ஜோடி ரப்பர் ஷூ, கையில பூசிக்க வெள்ளைப் பவுடர், விழுந்தா தாங்கிக்க 'கிராஷ் பேட்'னு ஒரு மெத்தை. அவ்ளோதான்! ரெண்டு, மூணு ஆள் உயரப் பாறையோட மல்லுக்கட்டுற இந்த விளையாட்டுக்குப் பேர் 'போல்டரிங்'. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இதுவும் இடம் பிடிச்சாச்சு. ஊருக்குள்ள செயற்கைச் சுவர்ல பழகினவங்களுக்கு அடுத்த ஆசை... நிஜப் பாறைதானே?

அந்த ஆசைக்கு ஒரு சொர்க்கம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்கா. அங்கே 10,220 அடி உயரத்தில் ஹையாஹா ஏரி. அதுக்கு மேல 'கேயாஸ் கேன்யன்'. பேருக்கு ஏத்த மாதிரி, யாரோ லாரி லாரியா கொட்டிட்டுப் போனது போல பாறைக் குவியல்! 2007-ல் டேனியல் வுட்ஸ் முதன்முதலாக ஏறிய 'ஜேட்' என்ற புகழ்பெற்ற பாறை இங்கேதான் இருக்கு.

சொர்க்கம்னா கண்டிஷன் இல்லாமலா?

11,000 அடியைத் தாண்டினா மரங்களே 'போதும்டா சாமி'னு கீழே நின்னுடும். மேலே வாழுறது தரையோட ஒட்டிக்கிடக்கும் குட்டிச் செடிகள்தான். வருஷத்துல சில வாரம்தான் வளர நேரம். 'மாஸ் கேம்பியன்'னு குஷன் மாதிரி ஒரு செடி. அது முதல் பூ பூக்கவே 10 வருஷம் ஆகலாம். அதாவது, நீங்க பன்னெண்டாம் கிளாஸ் முடிக்கும்போது பூக்கிற செடி, நீங்க மூணாங்கிளாஸ் படிக்கும்போதே முளைச்சிருக்கணும்!

இதே பூங்காவில் பீட்ரிஸ் வில்லார்ட் என்ற பெண் விஞ்ஞானி 1959-ல் ஒரு வேலை செஞ்சாங்க. டூரிஸ்ட்டுகள் மிதிச்சுப் பாழான இடத்துக்கு வேலி போட்டு, செடிகள் எப்போ திரும்பி வருதுனு பல வருஷம் பார்த்தாங்க. கிடைச்ச பதில்: சில இடங்கள் பழையபடி ஆக நூற்றாண்டுகள்கூட ஆகலாம். மிதிக்க ஒரு சம்மர் போதும்!

அப்போ போகவே கூடாதா? தாராளமா போங்க. இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க:

* பாதை இருந்தா பாதையிலேயே, ஒருத்தர் பின்னால் ஒருத்தரா நடங்க. பாதை இல்லைன்னா பாறை மேல கால் வைங்க. செடிதான் வழினா, பரவி நடங்க. ஒரே கோட்டுல போனா அங்கே புதுப் பாதை விழுந்துடும்.

* மெத்தையைப் பாறை மேலயோ, பனி மேலயோ போடுங்க. தரதரனு இழுக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க. 'நாளைக்கும் வருவோமே'னு பொந்துல ஒளிச்சு வைக்காதீங்க. விதிப்படியும் தப்பு, அங்கே இருக்கிற பிராணிகளும் கடிச்சுக் குதறிடும்.

* பாறை மேல படர்ந்திருக்கிற லைக்கன், வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத ரகம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். ஏறி முடிச்சதும் பவுடர் தடத்தை மெல்லிய பிரஷ்ஷால் துடைச்சுடுங்க.

* கல்லுக்கு அடியில 'பைக்கா' குடியிருக்கு. முயலுக்குச் சொந்தக்காரன். குளிர்காலத்துக்காக சம்மர் முழுக்கப் புல் சேர்த்து வைக்கும். மெத்தை போட இடம் வேணும்னு கல்லைப் புரட்டினா, அதோட குடோன் காலி!

* குப்பை மட்டுமில்லை, 'அந்த' சமாசாரமும் பையில கட்டிக் கீழே வரணும். குளிர்ல அது சீக்கிரம் மக்காது.

இன்னொண்ணு, மலைக்கும் மூடு மாறும். 2022 ஜூன் 28-ம் தேதி கேயாஸ் கேன்யனில் ஒரு பெரிய சரிவே இடிஞ்சு இறங்குச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பாறைத்தூள் கலந்து ஹையாஹா ஏரித் தண்ணீரோட நிறமே மாறிப்போச்சு. பூங்கா அந்தப் பகுதியை மூடுச்சு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி எது திறந்திருக்கு, என்ன அனுமதி வேணும்னு பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுக்கங்க. மதியத்துக்கு மேல அங்கே இடி, மின்னல் சகஜம். காலையிலேயே ஏறி, சீக்கிரமே இறங்கிடுங்க.

பாறை எங்கேயும் ஓடிப்போகாது பாஸ். இன்னிக்கு முடியலைன்னா அடுத்த வருஷம் ஏறிக்கலாம். பக்கத்துல இருக்கிற செடிக்குத்தான் ரெண்டாவது சான்ஸ் கிடையாது!