மூணு வயசுப் பிள்ளைக்கு என்னங்க தொழில்?

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதிவிடுகிறார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கும் ஓர் அம்மாவுக்கு "மூணு வயசுப் பிள்ளைக்கு என்னங்க தொழில்?" என்று தோன்றினால் அதில் தப்பே இல்லை. ஆனால் பதில் இருக்கிறது. சாப்பிடுவது, சட்டை போடுவது, பல் தேய்ப்பது, பென்சில் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக விளையாடுவது. குழந்தையின் தொழில் இதெல்லாம்தான்.

பிசியோதெரபியும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கை மடங்குகிறதா, தசைக்கு வலு வருகிறதா என்பது முன்னதின் கவலை. அந்தக் கையால் இட்லியைப் பிட்டு வாயில் வைக்க முடிகிறதா என்பது பின்னதின் கவலை. இரண்டும் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று 1917-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் உலகப்போரில் அடிபட்ட சிப்பாய்களால் இத்துறை வளர்ந்தது. இந்தியாவில் முதல் பள்ளி 1950-இல், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில். ஆரம்பித்தவர் கமலா நிம்ப்கர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர்!

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? எட்டிப் பார்த்தால் ஊஞ்சல், பெரிய பந்து, அரிசி நிறைந்த டப். "விளையாடறதுக்கா காசு?" என்று தாத்தா முணுமுணுப்பார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு ஸ்பூன் கையில் நிற்காது. பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் நிற்கும். சட்டை மாட்டும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இது தெரியாமல் தினமும் காலையில் எத்தனை வீடுகளில் போராட்டம்! ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குக் குக்கர் விசிலும் காலரில் உறுத்தும் லேபிளும் தாங்க முடியாத தொல்லை. அது அடமில்லை என்று வீட்டாருக்குப் புரிய வைப்பதே பாதி வேலை. சப்பாத்தி மாவு பிசைய விடலாம், பல்லாங்குழிச் சோழியை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லலாம். விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கடையில் கிடைக்காது. (சோழியை வாயில் போடும் பிள்ளை என்றால் வேண்டாம்.)

ஆவடியைத் தாண்டி, விமானப்படைத் தளத்தை ஒட்டி இருக்கிறது முத்தாபுதுப்பேட்டை. பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம், 2005-இல் தொடங்கியது, முட்டுக்காட்டில். 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில். நல்ல இடங்கள்தான், ஆனால் எல்லாமே நகரத்துக்கு அந்தப் பக்கம். நிற்க முடியாத ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, இறங்கி, பஸ் மாறி முட்டுக்காடு போய் வந்தால் ஒருநாள் கூலி போச்சு. சிகிச்சையோ முக்கால் மணி நேரம். வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் நின்றே போகும். அதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்வது அநியாயம். அதனால்தான் வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்து அனுப்பும் தெரபிஸ்ட்டே இந்தப் பக்கத்து மக்களுக்குத் தோது.

பக்கத்திலேயே சென்டர் இருந்தால் நல்லதுதான். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இந்தத் தொழிலையும் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது. "மூணே மாசத்தில் சரி பண்ணிடறோம்" என்பவரிடம் கொஞ்சம் உஷார்.

இன்னொரு எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற பாட்டியின் ஆறுதல். சில சமயம் உண்மையாகவும் இருக்கும், ஆனால் உண்மையா இல்லையா என்று பார்க்க வேண்டாமா? சின்ன வயதில் மூளை வளைந்துகொடுக்கிற மாதிரி பின்னால் கொடுக்காது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடி அக்காவிடம் கேட்டு வைக்கலாம். அன்றைக்குச் சளி என்று பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் அடுத்த முறைக்கு ஆறு மாதம்.