சீட்டும் பாஸ்புக்கும்

ஏலச்சீட்டு என்றால் முதலீட்டு ஆலோசகர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதக் கடைசியில் நூறு ரூபாய் தங்காத வீட்டிலிருந்துகூட சீட்டுப் பணம் மட்டும் தேதி தவறாமல் போய்விடும். கட்டாவிட்டால் சீட்டு நடத்தும் அக்கா வாசலில் வந்து நிற்பார். அவரைக்கூடச் சமாளித்துவிடலாம், கூடச் சேர்ந்த மற்றவர்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே! எந்த வங்கியின் குறுஞ்செய்திக்கும் அந்த வலு கிடையாது.

கணக்கும் அழகானது. இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். தள்ளியதில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000, ஆளுக்கு ஆயிரமாகக் கழியும். அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசிவரை பொறுப்பவர் வட்டி பார்க்கிறார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவே அடமானமும் இல்லை, படிவமும் இல்லை. (நடத்துபவர் ஊரைவிட்டுப் போனால் பணமும் இல்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று அக்காவிடம் கேட்க நமக்கெல்லாம் கூச்சம்.)

சீட்டின் குறை அது முடிகிற நாளில்தான் தெரியும். மொத்தப் பணமும் கைக்கு வரும்போது வீட்டில் அதற்கு ஏற்கெனவே செலவு எழுதி வைத்திருப்பார்கள்: ஃபிரிட்ஜ், பேத்தியின் காதுகுத்து, கல்லூரிக் கட்டணம். எதுவும் வீண் செலவில்லை. ஆனால் தன் அறுபது வயதுக்கென்று சீட்டு எடுத்தவரை நான் பார்த்ததில்லை. நகைச் சீட்டும் இந்த வகைதான். பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாளைத் தாண்டினால் நிறுவன விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். அதனால்தான் பல கடைகள் பதினோரு மாதத்தில் முடித்து நகையாகக் கொடுத்துவிடுகின்றன. அந்த நகை அடகுக் கடைக்கு நடப்பது தனிக் கதை.

சேர்க்க நமக்கு ஆள் இருக்கிறது, சேர்த்ததைக் காக்கத்தான் ஆளில்லை. அதற்கு நான் பிடித்துக்கொண்டது பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதி. 1968-இல் வந்த திட்டம், பதினைந்து ஆண்டுக் கெடு. கொஞ்சம் எடுக்கலாம் என்றாலும் ஏழாவது ஆண்டுவரை பொறுக்க வேண்டும். கடன் கொடுத்தவர் கோர்ட்டில் டிக்ரி வாங்கினாலும் அதை ஜப்தி செய்ய முடியாது. என் மாதிரி செலவாளிகளுக்கு இந்தப் பிடிவாதம்தான் பிடித்தது. 2000 ஜனவரி வரை 12 சதவீதம் தந்தார்களே என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆறே ஆண்டில் இரட்டித்த பணம், 2020 ஏப்ரலில் வந்த 7.1 சதவீதத்தில் இரட்டிக்கப் பத்து ஆண்டு ஆகும். அந்த நாளில் விலைவாசியும் வேகமாக ஓடியதை அவர்கள் சொல்வதில்லை.

விலைவாசியை முந்தப் பங்குச் சந்தைப் பக்கமும் கொஞ்சம் போகத்தான் வேண்டும், மாதாமாதம் பரஸ்பர நிதியில் எஸ்.ஐ.பி. கட்டுகிறேன். 2001 ஜூலையில் யு.எஸ்.-64 என்ற பரஸ்பர நிதியின் யூனிட்டுகளைத் திரும்ப விற்க முடியாமல் ஆறு மாதம் முடக்கியதைப் பார்த்த தலைமுறை இதை நம்பாது. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

சீட்டை விடவும் இல்லை. மார்ச்சில் முடிகிற சீட்டாகப் பார்த்துச் சேர்ந்து, கடைசி ஆளாக எடுப்பேன். ஏப்ரல் 5-க்குள் பி.பி.எஃப்.பில் போட்டால் ஆண்டு முழுவதற்கும் வட்டி உண்டு. ஒன்றரை லட்சம் என்ற வருட வரம்புக்குள் ஒரு லட்சம் தாராளமாக அடங்கும்.

“பணம் வாங்கின கையோட போஸ்ட் ஆபீஸுக்கு ஓடுறியே, ஒரு புடவை எடுத்துக்கக் கூடாதா?” என்பார் அக்கா. எடுக்காமல் என்ன? மாதாமாதம் கழிந்த காசு எதற்கு இருக்கிறதாம்?