வாரணமாயிரமும் பதிப்புரிமையும்

இராசபாளையத்துத் திருமணங்களைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றே: பாட்டிருந்த இடம் ஊமையாகிவிடுகிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் இசையை ஒலிக்கச்செய்ய விலக்களிக்கிறது. 2023 சூலையில் நடுவணரசும் இதை வலியுறுத்திற்று. மண்டபத்தில் இளையராஜா பாடல் தாராளமாக ஒலிக்கலாம். அதையே காணொளியாக இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. 2007இல் வந்த கன்டென்ட் ஐடி என்னும் பொறி ஒலியை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகும். அல்லது ஒலி அடங்கும்.

இசையமைத்தவரும் பிழைக்கவேண்டுமே, அதில் நமக்கு வழக்கில்லை. உறுத்துவது வேறு. அடுத்த ஊராகிய திருவில்லிபுத்தூரின் ஆண்டாள், கண்ணனை மணந்ததாகக் கண்ட கனாவே வாரணமாயிரம். மணவீடுகளில் பாடப்படும் அச்சொல் எவர் உடைமையும் அன்று. அதைப் பாடிய ஒலிப்பதிவுக்கோ, வெளியான பின் 60 ஆண்டு உரிமை உண்டு. மெட்டுக்கு, அமைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டு. திருப்பாவைக்கு மெட்டமைத்த அரியக்குடி இராமானுச ஐயங்கார் 1967இல் மறைந்தார். அக்கணக்கு 2027 முடியும்வரை ஓடும்.

மணப்பெண்ணின் அத்தையே வழிவழி வந்த மெட்டில் பாடட்டும், அதைப் பதியுங்கள் என்போம் நாம். சுருதி சற்று விலகும். விலகினால் நல்லது, பொறிக்கு அடையாளம் தெரிவது அரிது.